புல்லின் மேல் இழுத்த வேட்டி

ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் இரண்டு வகை வேட்டி காயும். ஒன்று மனிதர் உடுத்துவது. இன்னொன்று காட்டுப் புல்லின் மேல் இழுப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவதைத் துவைக்க எடுத்தால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, வெளிச்சத்தில் காட்டி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். பச்சைக் கறையும் கிழிசலும் ஒட்டுப்புல் விதையுமாக அது வந்து சேரும் கோலத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "புலி வேட்டைக்குப் போகிற காட்டில் உண்ணி வேட்டைக்குப் போகிற ஒரே ஆம்பளை நீங்கதான்" என்று முணுமுணுத்தபடி அடித்துத் துவைப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். இன்றைக்கும் சிராங்கூன் சாலையில் எந்த மாடியிலாவது வெள்ளை வேட்டி காய்ந்தால் என் கண் தானாக அதன் ஓரத்துக்குப் போகிறது. அங்கே ஏதாவது ஊர்கிறதா என்று தேடுகிறது.

என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஒரு சோதனைச்சாலையில் வேலை பார்த்தார். நோயாளிகளின் ரத்தத்தையும் சளியையும் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடிக் குழாயின் கீழே வைத்து என்ன கிருமி என்று பார்க்கிற இடம் அது. பார்ப்பவர் வெள்ளைக்கார டாக்டர் துரை. கண்ணாடியைக் கழுவுவதும் சாயம் ஏற்றுவதும் கூண்டுப் பிராணிகளைப் பராமரிப்பதும் இவர் வேலை. மாடு வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவர் என்பதால்தான் அந்த வேலையே கிடைத்தது. அங்கே சீமை எலி என்று வாலில்லாத கொழுகொழு பிராணிகளை வளர்த்தார்கள். வேறு யார் கையை விட்டாலும் கீச்சென்று கத்தி மூலைக்கு ஓடும். இவர் கையில் மட்டும் சுருண்டு படுத்துக்கொள்ளும். என்னிடம் காட்டாத பொறுமையை அவற்றிடம் காட்டினார் என்று நான் சொல்லிக் காட்டியதுண்டு. அது பொய். என்னிடமும் காட்டினார்.

எங்களுடையதும் மாட்டுக் குடும்பம்தான். அப்பா போன பிறகு கொட்டகை அண்ணன் கைக்கு வந்தது. தேக்காவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து முழுக்க மாட்டுக் கொட்டகைகள். சுற்றுவட்டார வீடுகளுக்கு ஊற்றுகிற பாலெல்லாம் அங்கிருந்துதான் போகும். கல்யாணமான பிறகும் நாங்கள் அண்ணன் கொட்டகையை ஒட்டிய அறையிலேயே இருந்தோம். சந்துக்காரர்கள் அவரை வீட்டோடு மாப்பிள்ளை என்று சீண்டுவார்கள். "வீட்டோட இல்லீங்க, மாட்டோட மாப்பிள்ளை" என்று அவரே திருத்துவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், கூண்டில் இருக்கிற கூட்டத்தை வளர்த்து ஆளாக்கவே நேரம் போதவில்லை என்று அந்தப் பேச்சையும் சிரிப்பாக்கிவிடுவார். எனக்குச் சிரிப்பு வராது. ஆனால் அவர் சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்கும்.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் மூள்வதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் புல்லறுக்கிறவர்களுக்குத்தான் வந்தது. மாடுகளுக்கும் துரைமாரின் குதிரைகளுக்கும் வேண்டிய புல்லை அவர்கள் ஊருக்கு வெளியே, காட்டோரங்களில் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். முதலில் மண்டை பிளக்கிற தலைவலி. பிறகு அனலாகக் காய்ச்சல். அதற்குப் பிறகு கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள். சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். எங்களுக்கு வழக்கமாகப் புல் போட்ட ஒரு பெரியவரும் செத்துப்போனார். அவர்களில் பாதிப்பேர் படுத்துறங்குவது மாட்டுக் கொட்டகைகளில் என்பதால் பழி மாட்டின்மேல் விழுந்தது. மாட்டு உண்ணி கடித்துத்தான் காய்ச்சல் பரவுகிறது, சந்திலிருக்கும் மாடுகளையெல்லாம் கொன்று புதைத்துவிட்டுக் கொட்டகைகளைக் கொளுத்த வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள்.

டாக்டர் துரைக்கு மட்டும் அதில் சந்தேகம் இருந்தது. காய்ச்சல் கொட்டகையில் இல்லை, புல்லறுக்கப் போகிற காட்டில் இருக்கிறது, காட்டுப் பன்றியின் மேலும் மானின் மேலும் வாழ்கிற உண்ணிதான் புல் நுனியில் காத்திருந்து ஆட்களைக் கடிக்கிறது என்று அவர் நினைத்தார். நினைத்தால் போதாது, காட்ட வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. மாட்டு உண்ணியை உயிரோடு பிடித்து, கல்லில் அரைத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து ஒரு சீமை எலிக்கு ஊசியில் ஏற்றுவது. காட்டு உண்ணியை அதேபோல் இன்னொரு சீமை எலிக்கு ஏற்றுவது. எதற்குக் காய்ச்சல் வருகிறதோ அதற்குப் போன உண்ணியில்தான் கிருமி. இதை எனக்கு விளக்கிச் சொன்னபோது, "வீட்டில் மாவாட்டச் சொன்னால் கை வலிக்கிறது, அங்கே உண்ணி ஆட்ட வலிக்காதா?" என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன், அதுவரை மாடுகளைத் தொடாதீர்கள் என்று துரை அதிகாரிகளிடம் அவகாசம் வாங்கியிருந்தார். எங்கள் சந்தின் சோறு அந்த அவகாசத்தில்தான் தொங்கியது.

என் வீட்டுக்காரர் என் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, மறுநாள் சாயங்காலம் மாடுகளிடமிருந்து உண்ணி எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அங்கேதான் எல்லாம் கோணிப்போனது. சர்க்கார் மாட்டைச் சோதிக்கப் போகிறது என்ற ஒரு வார்த்தை மட்டும் சந்துக்குள் ஓடியது. மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் அண்ணன் முன்னின்று அண்டா அண்டாவாகப் புகையிலைத் தண்ணீர் காய்ச்சினார். வேப்பெண்ணெய் டின்கள் வந்தன. சந்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மாடு விடாமல் தேய்த்துக் கழுவினார்கள். காது மடலுக்குள், வாலடியில், மடிச் சந்தில் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்த உண்ணிகளை நெருப்பில் கொட்டினார்கள். கொம்புக்கு எண்ணெய்கூடப் பூசினார்கள். மாட்டுப் பொங்கலுக்குக்கூட எங்கள் மாடுகள் அப்படி மினுமினுத்ததில்லை.

அவர் குப்பிகளும் சாமணமுமாக வந்து சேர்ந்தபோது அண்ணன் வாசலிலேயே காத்திருந்தார். "பாருங்க மாப்பிள்ளை. எந்த மாட்டுலயாவது ஒரு உண்ணி காட்டுங்க, நான் மீசையை எடுத்துக்கிறேன்!"

அவர் ஒவ்வொரு மாடாகப் போனார். காதைத் திருப்பினார், வாலைத் தூக்கினார், குனிந்து மடியைத் தடவினார். அடுத்த கொட்டகைக்கும் போய்விட்டு வந்தார். திரும்பி வந்து சாணித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்தீங்களே மச்சான். உண்ணி இருந்தாத்தானே அதுல கிருமி இல்லேன்னு காட்ட முடியும்? இப்ப வெறுங்கையோட போயி என்னத்தைச் சொல்ல?"

"உண்ணியே இல்லேன்னு சொல்லுங்க."

"நேத்து வரைக்கும் இருந்தது இன்னைக்கு எங்க போச்சும்பாங்க. எதையோ ஒளிக்கிறாங்கன்னுதான் நெனைப்பாங்க."

அண்ணனுக்கு அது புரியவே இல்லை. "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா குளிப்பாட்டாமயா நிறுத்துவாங்க?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவர் பாவம், மாட்டுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான்கூட அன்று காலையில் வேப்பெண்ணெய் வாசனையை முகர்ந்து, பரவாயில்லையே, அண்ணன் சுறுசுறுப்பாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பயந்தபடியே நடந்தது. சந்துக்காரர்கள் அத்தாட்சியை அழித்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். புதிதாக உண்ணி ஏற நாளாகும். அதற்குள் அவகாசம் முடிந்துவிடும். மாடு குற்றவாளி இல்லை என்று காட்டுகிற வழி அடைபட்டதால் மிச்சமிருந்தது ஒரே வழி. காட்டு உண்ணியில் கிருமி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதுவரை எப்போதாவது புக்கித் தீமாக் காட்டுப் பக்கம் போய்வந்தவர் அதற்குப் பிறகு ஓயாமல் போகத் தொடங்கினார். உண்ணி பிடிக்கத் துரை கொடுத்த கம்பளித் துணி முள்ளில் கிழிந்து நாராகிவிட்டது. அதனால்தான் வேட்டி. நீளமான வெள்ளைத் துணியை லாலான் புல்லின் மேலும் புதரின் மேலும் மெதுவாக இழுத்துக்கொண்டே நடந்தால், புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டிருக்கும் உண்ணி ஏதோ பிராணி உரசிப்போகிறது என்று துணியில் தொற்றிக்கொள்ளும். வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் சாமணத்தால் எடுத்துக் குப்பியில் போட்டுக்கொள்வார். உள்ளே ஈரப் புல் ஒன்றைக் கிள்ளிப் போடுவார், அது காய்ந்து சாகாமல் இருக்க. கட்டியிருக்கிற வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, இன்னொரு வேட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு காட்டோரத்தில் நடந்த மனிதரைப் பார்த்துச் சுமை தூக்கிப் போனவர்களெல்லாம் பித்துப் பிடித்தவர் என்று ஒதுங்கிப் போனார்களாம். அதையும் அவர்தான் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் கிருமி கிடைக்கவில்லை. அரைத்து ஏற்றிய சீமை எலிகள் எல்லாம் முட்டைக்கோசு தின்றுகொண்டு சௌக்கியமாக இருந்தன. கண்ணாடியில் சாயம் ஏற்றிப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. எல்லா உண்ணியிலும் இருக்காது, நூற்றில் ஒன்றில் இருந்தால் பெரிது, அந்த ஒன்று கையில் சிக்க வேண்டும் என்று துரை சொன்னதாகச் சொன்னார். சந்தில் ஆட்கள் மாட்டை விற்றுவிடப் பார்த்தார்கள். வாங்கத்தான் யாரும் இல்லை. அண்ணன் சரியாகச் சாப்பிடாமல் கொட்டகையிலேயே கிடந்தார். அவருடைய மாடுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பார். அதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் மறுபடியும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் வைத்துவிட அவரை மணையில் உட்கார வைத்தேன். பிடரியில், முடி தொடங்குகிற இடத்தில், மிளகு போல ஒன்று கையில் தட்டுப்பட்டது. "ஆடாதீங்க" என்றேன். விரலில் பிடித்து மெல்ல இழுத்தேன். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி. கீழே போட்டு மிதிக்கப் போனேன்.

"மிதிச்சிராத புள்ள! உசுரோட வேணும்."

"ஒங்க ரத்தத்தைக் குடிச்சதுக்கு அதுக்கு உசுரு வேறயா?"

"குடுத்த ரத்தத்துக்கு ஒரு வேலையாவது வாங்குவோம்லா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து குப்பியைத் தேடினார். தலையில் எண்ணெயோடு அப்படியே சோதனைச்சாலைக்குக் கிளம்பப் பார்த்தார். சீயக்காய் தேய்த்துக் குளித்த பிறகுதான் விட்டேன். குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்து முனையில் அவர் திரும்பிய விதம் நினைவிருக்கிறது. அவருக்கு எப்போதும் கொஞ்சம் வேகநடை.

சில நாட்கள் போயின. ஒரு சாயங்காலம் தெருவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "புள்ள! சீமை எலிக்குக் காய்ச்சல் வந்துருச்சு! சிக்கிருச்சு!" பிள்ளை பிறந்த செய்தியை ஒருவர் அப்படித்தான் சொல்லுவார். நான் ஓடி வந்தேன். அண்ணன் கொட்டகையிலிருந்து ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணி பாயசத்துக்கு அடுப்பு மூட்டினாள். ரத்தத்தைச் சாயம் ஏற்றிப் பார்த்ததில் துரைக்கும் ஏதோ தென்பட்டதாம், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் அவர் மட்டும் நெற்றியை அமுக்கிவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பாயசத்தைக் கொடுத்தேன். வேண்டாம், தலை கனக்கிறது என்றார்.

நான் டம்ளரை நீட்டியபடியே நின்றேன். "எந்த உண்ணிங்க?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவரைப் படுக்க வைத்தார்கள். கைகளில் புள்ளி வந்தது. டாக்டர் துரை நாற்காலியைக் கட்டிலின் அருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரரின் ரத்தத்தையும் எடுத்து ஒரு சீமை எலிக்கு ஏற்றினார்கள். எடுக்கச் சொன்னவர் இவர்தான். எந்தக் கூண்டில் விட வேண்டும், என்ன தீனி கொடுக்க வேண்டும் என்று படுத்தபடியே சொன்னாராம். அதற்கும் அதே காய்ச்சல் வந்தது. பிறந்ததிலிருந்து மாட்டு உண்ணிக் கடியில் வளர்ந்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டியே குடியிருந்த ஒரு மனிதருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை, காட்டிலிருந்து வந்த ஒரே ஓர் உண்ணி போதுமாக இருந்தது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று துரை அதிகாரிகளிடம் கேட்டாராம். இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னது அங்கிருந்த கம்பவுண்டர். கேட்டதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். "இனி மாட்டுல கை வைக்க மாட்டாங்க. மச்சான் கிட்டச் சொல்லிரு" என்றார். பிறகு பொழுது என்ன ஆயிற்று என்று கேட்டார். கறக்கிற நேரம் என்றேன். "போ, போயி வேலையைப் பாரு" என்றார். நான் போகவில்லை. மறுநாள் அவர் இறந்துபோனார்.

தகனம் முடிந்து பால் தெளிக்கப் போகிற அன்று சந்தில் இருந்த ஒவ்வொரு கொட்டகையிலிருந்தும் ஒரு செம்புப் பால் வந்தது. ஒரு செம்பு போதும் என்று யாரும் சொல்லவில்லை. வரிசையாக ஆண்கள் தூக்கிக்கொண்டு போவதை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். மாடுகள் ஒவ்வொன்றும் தன் கூலியைக் கொடுத்துவிட்டதாக அண்ணி சொல்லி அழுதாள். எனக்கு அந்தப் பாலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டாக்டர் துரை அன்று சந்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சாணிக்கு நடுவே நின்றார். தமிழ் தெரியாது. நெஞ்சில் கையை வைத்து, "சூசா ஹாத்தி" என்று கடைத்தெரு மலாயில் சொன்னார். மனது கஷ்டமாக இருக்கிறது என்று அர்த்தம். தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரைச் சீமைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி.

மாடுகள் பிழைத்தன. அண்ணன் என்னைக் கடைசிவரை உள்ளங்கையில் வைத்துத்தான் தாங்கினார். நான்தான் வெகுகாலம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் புகையிலைத் தண்ணீரை நினைத்தால் வயிறு எரியும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரியும். ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்றுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுக் குற்றவாளிபோல நின்றார். அன்றைக்கு என் கோபம் ஓய்ந்துவிட்டது. "பொறுக்குங்க அண்ணே, கன்னு பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

யுத்தம் வந்து முடிந்தது. சாலை அகலமானது. மோட்டார் வண்டிகள் வந்தன. எங்கள் சந்தைச் சுற்றி மாடி வீடுகளும் கடைகளும் எழும்பின. அதற்கும் வெகு நாள் கழித்து, கொட்டகைகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. மாடுகளை ஊருக்கு வெளியே, சுவா சூ காங் பக்கம் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் எதிர்க்கவில்லை, எதிர்க்கத் தெம்பும் இல்லை. கிளம்புகிற அன்று அண்ணனும் அண்ணியும் சந்துக்காரர்கள் அத்தனை பேரும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. அந்த அறையை விட்டு வர எனக்கு மனமில்லை.

கொட்டகைகளை மேற்பார்வையிட வந்தவர் ஓர் இளம் இன்ஸ்பெக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெறுங்கொட்டகையின் நடுவில் நான் நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கவலைப்படாதேங்கோ அம்மா. உங்கடை மாட்டாலை நோய் வருது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. வாடை எண்டுதான் முறைப்பாடு" என்றார்.

"நோய் இல்லேன்னு எங்களுக்குத் தெரியுங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

நான் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன், காட்டைச் சொன்னேன், உண்ணியைச் சொன்னேன், சீமை எலியைச் சொன்னேன். அத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்பதால் ஒன்று விடாமல் வந்தது. அந்தப் பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார். அவர் வேலை பார்க்கிற அலுவலகத்தில் யாருக்கும் இப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாதாம்.

"அவரின்ரை பேர் என்ன அம்மா?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் அண்ணி சொல்லுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது அண்ணன் சொன்னார். எப்போதும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். அன்று சந்தில் ஒருவரும் இல்லை. எல்லாரும் மாடுகளோடு போய்விட்டார்கள். எங்களுக்குப் பிறந்த ஒன்று இருந்திருந்தால் அது சொல்லியிருக்கும். அந்த இன்ஸ்பெக்டர் காத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்ல அங்கே ஆளில்லை.

சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னேன்.

அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் சொன்னார்.